கிளி ஒன்று, நிறம் வெள்ளை

வருஷத்தில் பத்து மாதம் வெயிலும் மிச்சம் இரண்டு மாதம் உப்புக்காற்றுமாக இருக்கிற பனையடித்துறையில் கோயில் கொண்டிருப்பவள் பனிமய மாதா. உறைபனியை அந்த ஊரில் ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. அதனால் ஒவ்வொரு ஆகஸ்ட் மாதமும் திருநாளன்று, ஊரில் இருந்த ஒரே ஐஸ் கம்பெனியிலிருந்து ஒரு பாளத்தை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து கோயில் வாசலில் இறக்கி, உளியால் சீவி, பெண்கள் அதைக் கைநிறைய அள்ளி மாதாவின் சப்பரத்தின்மேல் தூவுவார்கள். தூவிய பனி மாதாவின் நீலப் போர்வையில் விழுந்து, ஒரு ஜெபம் சொல்லி முடிப்பதற்குள் தண்ணீராகி வழிந்துவிடும். அந்தத் தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். இதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்தவர்கள் என்பதால், ஜனவரி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஐஸ் கம்பெனியின் சேமிப்பறைக்குள் ஒரு வெள்ளைக் கரடி படுத்துக் கிடந்தபோது, அது எப்படி வந்தது என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. வருவதற்கு இத்தனை காலமா என்றுதான் கேட்டார்கள்.

முதலில் பார்த்தவள் கித்தேரி. ஐம்பத்தொரு வயது, தனிக்கட்டை, இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கம்பெனியில் வேலை. தகர டின்களில் தண்ணீர் நிரப்பி, உப்புநீர்த் தொட்டிக்குள் இறக்கி, மறுநாள் கிரேன் போட்டுத் தூக்கி, சாதாத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கிக் கவிழ்த்தால் பாளம் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். ஒவ்வொரு பாளத்தின் நடுவிலும் வெள்ளையாக ஒரு கரு இருக்கும். தண்ணீர் வெளியிலிருந்து உள்ளே பார்த்து உறையும்போது, அதற்குள் இருந்த காற்று போக்கிடம் இல்லாமல் நடுவில் ஒதுங்கி அப்படியே உறைந்து நிற்பதுதான் அது. கித்தேரிக்கு அது தெரியும். தெரிந்தும், பாளம் வெளியே வரும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கருவை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் உள்ளே தள்ளுவாள். அன்று சேமிப்பறையில் நூற்றிருபது பாளம் இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தாள், நூற்றுப் பத்தொன்பதுதான் இருந்தன. நூற்றிருபதாவது இருக்க வேண்டிய மூலையில் இருந்தது மூச்சு விட்டது.

“அண்ணாச்சி, ஒரு பாளம் மூச்சு விடுது” என்றாள்.

மேனேஜர் தொம்மை டீக் கிளாஸிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “அமோனியா லீக்கா இருக்கும், பாரு.”

“லீக்குக்குக் காது இருக்கு அண்ணாச்சி.”

தொம்மை வந்து எட்டிப் பார்த்தார். ஒரு ஆட்டோவைச் சாய்த்துப் போட்டதுபோல் கிடந்தது. அவர் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டார், சிலுவை போட்டுக்கொண்டார், பிறகு இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கித்தேரியை ‘வாங்க, போங்க’ என்று பேசினார். “நீங்க முன்னால போங்க.”

அன்று பகலுக்குள் ஊரே வந்து பார்த்துவிட்டது. கூட்டத்தைப் பார்த்து அது பல்லைக் காட்டவுமில்லை, பயப்படவுமில்லை. வெகுதூரம் நடந்து வந்தவர்கள் பார்ப்பதுபோல் எல்லோரையும் ஒரே மாதிரி பார்த்தது. கித்தேரி நீட்டிய சூரை மீனை வாலிலிருந்து தலைவரை மரியாதையாகத் தின்றது. மீன் எடை போடுகிற பெரிய தராசில் ஏறு என்று பலகையைத் தட்டிக் காட்டினாள், ஏறியது. நானூற்றுப் பன்னிரண்டு கிலோ. “இவ்வளவு காலம் நாம தூவினதெல்லாம் அவ சேத்து வச்சி, ஒண்ணா உருட்டித் திருப்பி அனுப்பிருக்கா” என்றார் கோயில் சாமியார், அதைப் பிரசங்கமாக அல்ல, சாதாரணமாக, மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார். மாதா வீட்டிலிருந்து வந்த ஆளுக்குப் பேர் வைப்பது மரியாதையில்லை என்பதால் விருந்தாளி என்று மட்டும் சொன்னார்கள்.

ஆனால் அந்த ஊரில் விருந்தாளிக்கு முன்பே ஒரு அதிசயம் இருந்தது. அது கித்தேரியின் கிளி. பேர் சம்மனசு, தேவதூதன் என்று அர்த்தம். வீட்டில் வேறு ஆள் இல்லாததால் தினமும் கூண்டோடு வேலைக்குக் கொண்டுவந்து கம்பெனி ஜன்னலில் மாட்டிவிடுவாள். சாயங்கால ஜெபத்தில் மாதா பேரையும் புனிதர்கள் பேரையும் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்று கூடியிருப்பவர்கள் பதில் சொல்லுவார்கள் இல்லையா, அந்தப் பதில் ஒன்றுதான் சம்மனசு கற்றுக்கொண்ட பேச்சு. கற்றுக்கொண்டதை அது கோயிலோடு நிறுத்தவில்லை. “ஏ கித்தேரி!” என்று யாராவது வாசலில் நின்று கூப்பிட்டால், “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்னும். “லோடு வண்டி வந்துட்டு!” என்றால் “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.” மின்வாரியத்துக்காரர் வந்து தன் பேரைச் சொன்னபோதும் அதே பதில்தான், அவர் அன்று கரண்டை நிறுத்தாமல் திரும்பிப் போனார்.

எனவே இரண்டையும் ஒப்பிடாமல் ஊரால் இருக்க முடியவில்லை. டீக்கடையில் கிளிக் கட்சி என்றும் கரடிக் கட்சி என்றும் இரண்டு பெஞ்சு பிரிந்தது.

“நூத்தி முப்பது கிராம் இருக்கும் அந்தக் கிளி. அது நமக்காவ ஜெபம் சொல்லுது. நானூறு கிலோ இருந்து என்ன செய்ய, உம்முனு கெடக்கு?”

“ஏல, பேசுதவன்லாம் பெரியவனா? அப்பம் நீதாம்ல ஊருக்கே பெரியவன்.”

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு நடத்துகிற ஜெசிந்தா டீச்சர், இதைச் சரியாகச் செய்ய வேண்டும் என்று நினைத்தார். கரும்பலகையின் நடுவில் ஒரு கோடு போட்டு, மேலே ‘வேறுபடுத்துக: பனிக்கரடி – கிளி’ என்று எழுதிவிட்டுப் பிள்ளைகளை வரிசையாக ஐஸ் கம்பெனிக்குக் கூட்டி வந்தார். பார்த்ததை மட்டும் எழுத வேண்டும், கேள்விப்பட்டதை எழுதக் கூடாது என்பது கட்டளை. பிள்ளைகள் நோட்டிலும் அதே கோட்டைப் போட்டுப் பார்த்து எழுதினார்கள். கிளியின் காலில் விரல் இரண்டு முன்னால், இரண்டு பின்னால். கரடியின் காலில் ஐந்தும் முன்னால். கிளி பச்சை, கரடி வெள்ளை என்று முதலில் எழுதி, பிறகு உதிர்ந்த முடி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, அதில் நிறமே இல்லை, மீன்வலை நரம்புபோல் கண்ணாடியாக இருக்கிறது, விலக்கிப் பார்த்தால் உள்ளே தோல் கறுப்பு என்று திருத்தினார்கள். கிளிக்கு மிளகாய்ப் பழம், கரடிக்குச் சூரை. கிளி பேசும், கரடி கேட்கும். ஒரு பிள்ளை மட்டும் வரிசை தப்பி, இரண்டு பத்திக்கும் நடுவில், கோட்டின் மேலேயே எழுதியிருந்தது: ‘இரண்டும் கித்தேரி அக்கா கையில்தான் தின்னும்.’ டீச்சர் அதை அழிக்கப் போய், அழிக்காமல் விட்டுவிட்டார்.

பிப்ரவரி கடைசியில் ஒரு நல்ல காரியம் நடக்க இருந்தது. துறைமுகத்தில் மீன் ஏற்ற வந்திருந்த குளிர்பதனக் கப்பல் ஒன்று, வடக்கே, வருஷம் முழுக்கக் கடல் உறைந்து கிடக்கிற பக்கமாகப் போவதாக இருந்தது. அதன் கேப்டன் செய்தி கேட்டு, தானே நேரில் வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, இந்த மிருகத்தை அதன் ஊரில் கொண்டுபோய் விட்டுவிடுகிறேன், இங்கே வெயில் காலத்தில் இது பிழைக்காது என்று, தமிழ் தெரிந்த ஆள் வைத்துச் சொன்னார். ஊர்க்கூட்டம் கோயில் வாசலில் கூடியது. முதலில் பேசியது கித்தேரி.

“மாதா திருநாள் முடியாம, வந்த விருந்தாளிய எப்படி அனுப்புதது? நம்ம வீட்டுக்கு வந்தவுகள நாம அப்படியா அனுப்புவோம்? ஆகஸ்ட்டு முடியட்டும்.”

அது நியாயமான பேச்சாகத்தான் இருந்தது. அந்த ஊரில் யார் வீட்டுக்கு யார் வந்தாலும் திருநாள் முடியாமல் பெட்டி கட்டவிடுவதில்லை. எல்லோரும் தலையை ஆட்டினார்கள். கேப்டன் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார். ஊரிலிருந்து வடக்கே போகிற கப்பல் அதற்குப் பிறகு வரவில்லை.

ஏப்ரல் பதினைந்தாம் தேதி மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. மீன் குஞ்சு பொரிக்கிற அறுபத்தொரு நாளும் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகக் கூடாது என்பது சட்டம். படகு போகாவிட்டால் ஐஸ் வேண்டாம். ஐஸ் வேண்டாமென்றால் கம்பெனி ஓடாது. வருஷா வருஷம் அந்த அறுபத்தொரு நாளில்தான் உப்புநீரை வடித்து, மோட்டாரைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்பி, குழாய்க்கெல்லாம் பெயின்ட் அடிப்பார்கள். இது எல்லோருக்கும் சின்ன வயதிலிருந்தே தெரிந்த விஷயம். தெரிந்தே இருந்தும், திருநாள் ஆகஸ்டில் வருகிறது, அதற்கு முன்னால் ஏப்ரலும் மேயும் ஜூனும் வருகின்றன என்பதை அந்தக் கூட்டத்தில் ஒருவரும் நினைக்கவில்லை.

“ஒரு மோட்டார மட்டும் ஓட்டலாமா அண்ணாச்சி? சேமிப்பறைக்கு மட்டும்?”

“மொதலாளி நேத்தே ஆளனுப்பிக் கழத்திட்டுப் போயிட்டாருட்டி. நட்டு போல்ட்டுகூட இல்ல. நானே வெறும் தொட்டியப் பாத்துட்டு உக்காந்திருக்கேன்.”

மிச்சமிருந்த பாளங்கள் நாலு நாள் வந்தன. ஐந்தாம் நாள் கித்தேரி விருந்தாளியைத் தராசில் ஏற்றினாள். முந்நூற்றுத் தொண்ணூறு.

அது மெலியவில்லை. மெலிவது வேறு, சிறுப்பது வேறு. மெலிந்தால் எலும்பு துருத்தும், தோல் தொங்கும், கண் பெரிதாகத் தெரியும். விருந்தாளிக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. நகமும் பல்லும் காதும் கண்ணும் எல்லாம் அதது இருக்க வேண்டிய அளவில் இருந்தபடியே, மொத்தமாக, ஒரே சீராகச் சிறுத்தது. அது படுத்திருந்த இடத்தில் காலையில் ஈரம் மட்டும் கூடுதலாக இருந்தது. தின்னாமலும் இல்லை, கொடுத்ததைத் தின்றது, தின்றபடியே சிறுத்தது.

ஊர் சும்மா இருக்கவில்லை. வீட்டுக்கு ஒரு தட்டு என்று ஃபிரிட்ஜில் ஐஸ் வைத்துப் பிள்ளைகள் கையில் கொடுத்து அனுப்பினார்கள். ஓடி வந்து சேரும்போது தட்டில் பாதி தண்ணீராக இருந்தது, பிள்ளைகள் அந்தத் தண்ணீரையும் சிந்தாமல் கொண்டுவந்து அதன் தலையில் ஊற்றினார்கள். இறால் கம்பெனியின் குளிர்சாதனக் கிடங்கில் கேட்டார்கள். தின்கிற பொருள் வைக்கிற இடத்தில் உயிருள்ளதை வைக்க உரிமம் இல்லை என்றார்கள். ஊரில் ஏசி போட்டிருந்த ஒரே இடம் ஏடிஎம் அறை. அங்கே கொண்டுபோய் உட்காரவைத்துப் பார்த்தார்கள்; அந்த ஏசி இரண்டு வருஷமாகக் காற்றைத்தான் ஊதிக்கொண்டிருந்தது, உள்ளே வந்தவர்கள் கரடிக்குப் பின்னால் வரிசையில் நின்றார்கள். பெரிய ஆபீசுக்கெல்லாம் மனு போட்டார்கள்; தக்க துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று எல்லா இடத்திலிருந்தும் பதில் வந்தது.

அந்தத் தக்க துறை எது என்று விசாரித்து, மே மாதம் முதல் வாரத்தில் கித்தேரியே வன அலுவலகத்துக்குப் போன் பண்ணினாள். மறுநாள் ஜீப்பில் வனவர் இசக்கிராஜ் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், நல்ல மனுஷன், வாசலில் கொடுத்த மோரை நின்றபடியே குடித்துவிட்டு வணக்கம் சொன்னார். விருந்தாளி அப்போது ஒரு கன்றுக்குட்டி அளவு இருந்தது. அவர் அதைச் சுற்றி வந்து பார்த்தார். பையிலிருந்து ஒரு பட்டியலை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை விரலை வைத்துத் தேடினார்.

“எங்க பட்டியல்ல இது இல்லம்மா.”

“இல்லன்னா?”

“இது இந்த நாட்டு மிருகம் இல்ல. இல்லாத மிருகத்த நான் மீட்டேன்னு எழுத முடியாது. எழுதினா எந்தக் காட்டுல இருந்துன்னு கேப்பாங்க.”

“காட்டுல இருந்து வரல சார். மாதா வீட்டுல இருந்து வந்துது.”

“அதுக்கும் கட்டம் இல்லம்மா.”

அப்போது ஜன்னலிலிருந்து சம்மனசு, மாதா பேரைக் கேட்ட பழக்கத்தில், “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்றது. இசக்கிராஜ் திரும்பிப் பார்த்தார். பட்டியலின் பக்கங்களைப் புரட்டினார். அவர் விரல் ஒரு இடத்தில் நின்றது, நின்றபின் அவர் முகம் வாடியது.

“இது இருக்கு” என்றார்.

கிளி வளர்ப்பது குற்றம் என்றார். கண்ணால் பார்த்துவிட்டபின் எடுக்காமல் போனால் அது தன் குற்றம் என்றார். கேஸ் எழுதவில்லை, எச்சரிக்கை மட்டும் என்றார். கித்தேரி கூண்டின் அருகே போய் நின்றாள். அவர் தன்னுடைய சின்னக் கூண்டுக்குள் சம்மனசை மாற்றிக்கொண்டு, தராசு கேட்டு வாங்கி எடை பார்த்து, ரசீது எழுதிக் கொடுத்தார்: ‘கிளி – 1. நிறம்: பச்சை. எடை: 130 கிராம்.’

“பயப்படாதீங்கம்மா. பறவைக்குன்னு எங்க ஆபீஸ்ல தனி ரூம் இருக்கு, ஏசி போட்டிருக்கு. டாக்டர் ரெண்டு வேளையும் பாக்காரு. கொஞ்ச நாள் வச்சிருந்து மேற்க மலையில கொண்டு விட்டுருவோம்.”

“மலையில குளுருமா சார்?”

“சும்மா ஜிலுஜிலுன்னு இருக்கும்மா.”

ஜீப் கிளம்பியபோது தொம்மை வாசலில் வந்து நின்று, “ஏ கித்தேரி” என்று மெதுவாகக் கூப்பிட்டார். கூப்பிட்டுவிட்டு, பதில் சொல்ல ஜன்னலில் ஆள் இல்லை என்று நினைவு வந்து, அவர்பாட்டுக்கு உள்ளே போய்விட்டார். ஒன்றைக் காப்பாற்றச் சொல்லிக் கூப்பிட்டு இன்னொன்றைப் பறிகொடுத்தது அன்று ஊர் முழுக்கப் பேச்சாக இருந்தது. கிளிக் கட்சியும் கரடிக் கட்சியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தன.

மே நடுவில் விருந்தாளி ஆட்டுக்குட்டி அளவு. கித்தேரி அதை இடுப்பில் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குக் கொண்டுபோனாள். வேப்பமரத்தடியில் ஈரச் சாக்கில் படுக்கவைத்தாள், விடிந்தது முதல் இருட்டும்வரை தண்ணீர் தெளித்தாள். மே கடைசியில் பூனை அளவு. ஜெசிந்தா டீச்சர் தன் வீட்டு ஃபிரிட்ஜின் மேல்தட்டை ஒழித்துக் கொடுத்தார். கதவைச் சாத்தினால் அதற்கு மூச்சு முட்டியது. திறந்து வைத்தால் குளிர் போனது. அரைக்கதவு திறந்து கித்தேரி முன்னால் உட்கார்ந்து விசிறிக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் கரண்ட் போனது, ஃபிரிட்ஜே நின்றுவிட்டது. “நான் ஒரு வார்த்த சொல்லாம இருந்திருந்தா அது இந்நேரம் அது ஊருல இருக்கும் டீச்சர்” என்றாள் கித்தேரி. டீச்சர் அவள் கையிலிருந்து விசிறியை வாங்கித் தானே விசிற ஆரம்பித்தார்.

ஜூன் எட்டாம் தேதி காலையில் அதை மளிகைக்கடைத் தராசில் வைத்தாள். நூற்று முப்பது கிராம். ஆறாம் தேதியும் ஏழாம் தேதியும் பார்த்ததை வைத்துக் கணக்குப் போட்டாள். தடைக்காலம் முடிய இன்னும் ஆறு நாள். ஆறு நாளில் அது ஈ அளவு ஆகும், பிறகு கொசு அளவு ஆகும், பிறகு எந்தத் தராசிலும் நிற்காது. நூற்று முப்பது என்ற எண்ணை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தாள். வீட்டுக்கு வந்து, மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்த ரசீதை எடுத்துப் பார்த்தாள். பிறகு காலியாகத் தொங்கிய கூண்டைப் பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள்.

“சார், கித்தேரி பேசுதேன், பனையடித்துறை. எங்க வீட்டுல இன்னொரு கிளி இருக்கு.”

மறுமுனையில் இசக்கிராஜ் பேனாவைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. “நீங்களே சொல்லுதீங்களாம்மா?”

“ஆமா சார். வந்து பிடிச்சிட்டுப் போங்க.”

அவர் வருவதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. கித்தேரி வீட்டு முற்றத்தில் ஊர் கூடியிருந்தது. ஜெபத்துக்குக் கூடியதா, இதற்குக் கூடியதா என்று கேட்டால் அவர்களுக்கே சொல்லத் தெரியாது. வேப்பமரக் கிளையில் கூண்டு தொங்கியது. அதைச் சுற்றி ஈரத் துண்டு கட்டியிருந்தது. உள்ளே, தடியை நாலு காலாலும் பற்றிக்கொண்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது விருந்தாளி. முடி நனைந்து ஒட்டி, கறுப்புத் தோல் ஆங்காங்கே தெரிந்தது.

இசக்கிராஜ் துண்டை விலக்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“றெக்கை எங்கம்மா?”

“உதிர்ந்துட்டு சார். வெயிலு.”

“கால் நாலு இருக்கு.”

“உங்க கட்டத்துல காலுக்கு இடம் இருக்கா சார்?”

அவர் தாளைப் பார்த்தார். இல்லை. பேனாவைத் திறந்தார், மூடினார். “பேசுமா?”

“ஜெபம் சொல்லும்.”

“சொல்லச் சொல்லுங்க.”

கித்தேரி கூண்டின் பக்கத்தில் போய் நின்றாள். வந்த நாளிலிருந்து இந்த ஐந்து மாதத்தில் விருந்தாளி ஒரு சத்தம் போட்டதில்லை. எல்லோருக்கும் அது தெரியும். அவள் சொன்னாள்: “பனிமய மாதாவே.”

விருந்தாளி திரும்பிப் பார்த்தது. வாயைத் திறந்தது, நாவல்பழம் தின்ற பிள்ளையின் நாக்குபோல் சின்னதாக ஒரு கருநீல நாக்கு தெரிந்தது. சத்தம் வரவில்லை. பிறகு கூட்டத்தின் பின்னாலிருந்து, மூக்கால், கீச்சென்று, ஒரு குரல் வந்தது.

“எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.”

தொம்மையின் குரல்தான். இத்தனை வருஷம் அந்தக் கிளி தன்னைக் கேலி செய்வதாக நினைத்துக் கேட்டுக்கேட்டு அவருக்கு அது அச்சாக வந்தது. கித்தேரி அடுத்த பேரைச் சொன்னாள். இந்தத் தடவை ஜெசிந்தா டீச்சரும் சேர்ந்துகொண்டார். அதற்கடுத்த பேருக்குச் சாமியார், அதற்கடுத்ததற்கு டீக்கடைப் பெஞ்சு இரண்டும். பத்தாவது பேருக்கு முற்றத்தில் இருந்த அத்தனை பேரும் உதட்டை அசைக்காமல், தலையைக் குனிந்துகொண்டு, கிளிக்குரலில் வேண்டிக்கொண்டிருந்தார்கள். இசக்கிராஜ் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கூண்டை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கித்தேரியிடம் எடை கேட்டு, தாளை உள்ளங்கையில் வைத்து எழுதினார்: ‘கிளி – 1. நிறம்: வெள்ளை. எடை: 130 கிராம். பேசும்.’

ஜீப்பில் ஏற்றும்போது கித்தேரி கேட்டாள், “வண்டியில ஏசி இருக்கா சார்?”

“இல்லம்மா. ஜன்னல் இருக்கு.”

“மலையில விடும்போது உச்சியில விடுங்க. கீழ விட்டுறாதீங்க.”

அவர் சரி என்றார். வேறு என்ன சொல்ல முடியும். ஈரத் துண்டு காற்றில் படபடக்க ஜீப் போனது.

தடைக்காலம் முடிந்து மோட்டார் வந்தது, உப்புநீர் நிரப்பினார்கள், படகுகள் கடலுக்குப் போயின. ஒரு திங்கட்கிழமை அரைநாள் லீவு போட்டுக் கித்தேரி ஆறு கொய்யாப் பழமும் ஒரு துண்டு சூரையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வன அலுவலகத்துக்குப் போனாள். பறவை அறை திறந்து கிடந்தது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

“எல்லாம் பறந்துட்டும்மா” என்றார் இசக்கிராஜ்.

“வெள்ளையுமா சார்?”

அவர் மேஜைமேல் இருந்த ஃபைல்களை நேராக அடுக்கினார். நேராகத்தான் இருந்தன. “ரிப்போர்ட்ல அப்படித்தான் இருக்கு. மலையில் விடுவிக்கப்பட்ட கிளிகள் பதினேழு. பறந்து சென்றவை பதினேழு.”

“நீங்க கூடப் போனியளா?”

“போகலம்மா. நான் வாரதுக்கு முன்ன காலையிலயே வண்டி போயிட்டு.”

அவள் கொய்யாவை மேஜைமேல் வைத்தாள். சூரையை என்ன செய்வதென்று தெரியவில்லை, திரும்பக் கொண்டுவந்தாள்.

ஆகஸ்டில் திருநாள் வந்தது. வழக்கம்போல் ஒரு பாளத்தைக் கோயில் வாசலில் இறக்கினார்கள். வழக்கம்போல் கித்தேரி உளியை எடுத்துச் சீவினாள். பெண்கள் கையை ஏந்தி நின்றார்கள். சீவச் சீவப் பாளம் மெலிந்து, கண்ணாடிபோல் இருந்த பகுதியெல்லாம் தீர்ந்து, நடுவில் இருந்த வெள்ளைக் கரு வெளியே தெரிந்தபோது அவள் உளியை நிறுத்தினாள்.

“என்ன கித்தேரி, சீவு. சப்பரம் கெளம்பப் போவுது” என்றார் தொம்மை.

“காத்துதானான்னு பாக்கேன் அண்ணாச்சி.”

“காத்துதான்ட்டி. நீதான எனக்குச் சொல்லித் தந்த.”

“ஆமா” என்றாள். உளியைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து, காதைப் பாளத்தின்மேல் வைத்தாள். தொம்மை சப்பரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, முட்டியை மடக்கி உட்கார்ந்து, அந்தப் பக்கம் தன் காதை வைத்தார். ஜெசிந்தா டீச்சர் வந்தார். தூவுவதற்குக் கையை ஏந்தி நின்ற பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள், காது வைத்தவர்கள் எழுந்திருக்காததால் இடம் இல்லாமல் ஒருவர் முதுகில் ஒருவர் கை வைத்துக் குனிந்தார்கள். கொட்டுச் சத்தத்தை நிறுத்தச் சொல்லி யாரோ கை காட்டினார்கள்.

நிறுத்தினார்கள். மாதாவின் சப்பரம் தெருவில் காத்து நின்றது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அத்தனை பேருடைய காதின் சூட்டிலும் பாளம் உருகிக்கொண்டிருந்தது.